அன்னையின் இதயம்

மாரடைப்பு என்றவுடன் ஆண்மக்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், கடலினின்று திரும்பிய தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால் வீடே பதறுகின்றது. மீன் விற்று வந்த தாய் "மூச்சு வாங்குகிறது" என்றாலோ, "வாயுவாக இருக்கும், சுக்குக் கஷாயம் குடியுங்கள் அம்மா" என்று சொல்லி வீட்டார் அமைதியடைகின்றனர். இந்த அலட்சியத்தால் தாயை இழக்க நேரிடும் என்பதைக் குடும்பத்தார் யாவரும் உணர்தல் வேண்டும்.

இவ்வெண்ணம் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பெண்ணின் சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மகப்பேற்றுக்கு உதவுவதோடு நில்லாது, இரத்தக் குழாய்களுக்கும் காவலாய் அமைகின்றது. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை வெளியிட அது தூண்டுகின்றது. குழாய் இளகி விரிகின்றது. கெட்ட கொழுப்பு குறைந்து நல்ல கொழுப்பு கூடுகின்றது. ஆகவே மாரடைப்பு ஆண்களுக்கு வருவதினும் ஏறத்தாழப் பத்தாண்டு பிந்தியே பெண்களை அணுகுகின்றது. பிந்துகின்றதேயன்றி, வாராமலிருப்பதில்லை.

நம் நாட்டுப் பெண்கள் பலருக்கு 46, 47 வயதளவில் மாதவிடாய் நின்று, அக்காவலும் நீங்குகின்றது. குழாய்கள் விறைக்கின்றன, கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இளவயதிலேயே அறுவையில் சினைப்பைகளை அகற்றிக்கொண்டோர்க்கு இவ்வாபத்து முன்னரே வருகின்றது. நீரிழிவு உள்ளவர்க்கோ இயற்கை தந்த காவல் பெரிதும் அழிந்துபோகின்றது.

அவ்வாறாயின் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக உட்கொண்டால் என்ன? அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் இதனை ஆராய்ந்தனர். ஈஸ்ட்ரோஜனோடு மற்றொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை உண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும், மாரடைப்பும், பக்கவாதமும், இரத்தக் கட்டியும் கூடுதலாகக் காணப்பட்டன. 2002ஆம் ஆண்டு அவ்வாய்வை இடையிலேயே நிறுத்தினர். மாதவிடாய் நிற்கும் காலத்து உடற்சூட்டுக்கும் வியர்வைக்கும் மருத்துவர் இதனைத் தருவதுண்டு. இதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் தருவதில்லை.

நாம் செய்யக்கூடியது எளிது. நாற்பதைக் கடந்த தாய்மார்க்கு ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். 2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர் இல்லம் தேடி வருகின்றனர்; "எனக்கொன்றுமில்லை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தல் நலம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும்.

நெஞ்சுவலியோடு, அல்லது அதுவின்றியே, மூச்சுத்திணறல், முதுகிலோ தாடையிலோ வலி, குமட்டல், காரணமற்ற களைப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவை திடீரெனத் தோன்றினால், 108ஐ அழையுங்கள். அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ செல்லும் வழி நெடிது. ஆதலால் 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

தாய் தன் நோவை எளிதில் வெளியிடமாட்டாள். உலை கொதிக்கிறது, பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும் என்று ஒத்திப்போடுவாள். ஆதலின் கேட்கவேண்டிய கடமை கணவருக்கும் மக்களுக்கும் உரியது. இன்றிரவு உணவருந்துமுன், "அம்மா, உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.