சம்பளச் சீட்டு

பெர்கனில் ஆய்வாளனாகச் சேர்ந்த முதல் மாதம் சம்பளச் சீட்டு வந்தது. வரி பிடித்திருந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நார்வேயில் டாக்டர் பட்ட ஆய்வு என்பது விளம்பரம் செய்து ஆளெடுக்கும் உத்தியோகம். 3 வருஷம், பாடம் நடத்துவதும் சேர்ந்தால் 4. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து படிக்க வருபவர்களுக்கு 2023இல் கட்டணம் விதித்தபோதும் ஆய்வாளனுக்குச் சம்பளம்தான். உதவித்தொகைக்குக் காத்துக் காத்து வளைந்த முதுகு சற்று நிமிர்ந்தது.

ஆனால் இந்த உத்தியோகத்துக்கு முடிவுத் தேதி உண்டு. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பதவியும் 4 வருஷத்தைத் தாண்டாது. எனக்கு இது கடைசி வருஷம். ஆய்வேட்டைப் பகிரங்கமாக வாதிடும் நாளில் அவையிலிருந்து எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். ஒன்றுக்கு மட்டும் இன்னும் பதில் தயாராகவில்லை: தேதிக்காக முடித்தாயா, முடிந்ததால் முடித்தாயா?