டாலி ஆகாத ஐம்பது

நான் பி.காம். வரவும் செலவும் டாலி ஆகாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. சித்தப்பாவோடு வந்த சண்டையும் அதனால்தான்.

சித்தப்பா ஹாம் ரேடியோக்காரர். அவர் பேசுகிற 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது பத்தரை மீட்டருக்கு ஆன்டெனா நிற்க வேண்டும். அப்பார்ட்மென்ட் சங்கம் விடுமா? "இடி விழும் சார்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா வாதாடவில்லை. மொட்டைமாடியில் இரண்டரை மீட்டர் அலுமினியக் குழாய் ஒன்றை நட்டு, அதன் அடியில் இரண்டு இஞ்ச் பி.வி.சி. பைப்பில் 27 சுற்று செம்புக் கம்பி சுற்றினார். லோடிங் காயில்!

"மிச்ச நீளத்தைச் சுருட்டி வச்சிட்டீங்க, அவ்வளவுதானே?" என்றேன்.

"கணக்குப் போட்டுப் பாருடா."

போட்டேன். சுற்றுக்கு 16 சென்டிமீட்டர் வீதம் கம்பி நாலேகால் மீட்டர். குழாயோடு சேர்த்தால் ஆறேமுக்கால். பத்தரைக்கு மூன்றேமுக்கால் மீட்டர் துண்டு விழுகிறது.

"கம்பியை அளக்காதே, நேரத்தை அள" என்றார்.

நீங்களும் அளந்து பாருங்கள். வெட்டவெளியில் ரேடியோ அலை ஒரு மீட்டரைச் சுமார் 3.3 நானோ செகண்டில் தாண்டும். சாதாரண பாலிஎதிலீன் கேபிளுக்குள் ஒளியின் வேகத்தில் 66 சதவீதம்தான். இந்த விகிதத்துக்கு வெலாசிட்டி ஃபேக்டர் என்று பெயர். காயிலில் அலை கம்பி வழியே சுற்றிச் சுற்றிப் போனால் 14 நானோ செகண்ட் ஆக வேண்டும். ஆனால் அப்படிப் போவதில்லை. சுற்றுகள் காந்தப்புலத்தால் கைகோத்திருப்பதால், அலை குறுக்குவழி பிடிக்கிறது. 1953-ல் கண்டோயன், சிச்சாக் என்ற இருவர் தந்த சூத்திரப்படி, எட்டு சென்டிமீட்டர் காயிலின் நீளவாக்கில் வேகம் ஒளியில் மூன்றரை சதவீதம். தாமதம் ஏழரை நானோ செகண்ட். (சனி ஞாபகம் வருகிறதா?)

இதை டிகிரியில் சொன்னால், கால் அலை என்பது 90. குழாய் 21, காயில் 19. மொத்தம் 40. ஐம்பதைக் காணோம்!

"இப்பவும் டாலி ஆகலையே" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரம் பக்கம் அம்மா தனியாக. செல்போன்கள் செத்துவிட்டன. சித்தப்பா கார் பேட்டரியில் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் இரவு, முகம் தெரியாத ஒரு ஹாம் சொன்னார்: "அம்மா பத்திரம். பள்ளிக்கூட மாடியில இருக்காங்க."

அன்றைக்கு நான் கணக்குக் கேட்கவில்லை.

போன வருடம் சித்தப்பா காலமானார். அலமாரியை ஒழித்தபோது அவருடைய நோட்டு கிடைத்தது. ஒரு பக்கத்தில் 21 + 19 + 50 = 90. ஐம்பதுக்குப் பக்கத்தில் 'ஜாயின்ட்' என்று எழுதியிருந்தார். காயிலின் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கில், குழாயுடையது நூற்றுக்கணக்கில். இரண்டும் சேருகிற அந்த ஒரு புள்ளியில், நீளமே இல்லாமல், அலையின் கட்டம் ஐம்பது டிகிரி தாவிவிடுகிறது. இரண்டு பொருளிலும் இல்லாதது அவை சேர்ந்த இடத்தில் இருந்திருக்கிறது.

கீழே பென்சிலில் ஒரு வரி: 'பி.காமுக்குச் சொல்லணும்.'

டாலி ஆகிவிட்டது. அன்றைக்கும் தூக்கம் வரவில்லை.