எதிர்வீட்டுக் காபி

நம் வீட்டுக் காபியைவிட எதிர்வீட்டுக் காபிக்கு ருசி அதிகம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா, சகோதரிகளே? அதே பால்தான், அதே பில்டர்தான். ஆனாலும், "எதிர்வீட்டில் ஒரு வாய் கொடுத்தார்கள் பார், அதுவல்லவா காபி!" என்று நம்மிடமே வந்து சொல்வார்கள், நம் கையால் இருபது வருஷம் காபி குடித்தவர்கள்! இந்த வயிற்றெரிச்சல் ஒரு நாள் எனக்குப் பிழைப்பாகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

2019-ல் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை காபி. என் பிறந்த வீட்டில் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, கை மிஷினில் அரைத்துப் பழக்கம். நகையில் பாதியை விற்றுச் சிறிய வறுவல் டிரம் ஒன்றும் அரைக்கும் மிஷின் ஒன்றும் வாங்கினேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வாசல் அறையே கடையாயிற்று.

என் கலவை இதுதான். சிக்மகளூர் மலைக் கொட்டையில் பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள் தட்டைப் பக்கம் ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டையாக வளர்ந்துவிடும், அதுதான் பீபெரி. இப்படிச் சேர்த்த காபி 80 பங்கு, சிக்கரி 20 பங்கு.

பொடி தயார். பெயர்? அதற்குத்தான் வீட்டில் மகாநாடு கூடிற்று.

"தேவாமிர்தம்" என்றார் அவர். "குலதெய்வத்தின் பெயரை வை" என்றார் மாமியார். வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயரைச் சொன்னான் என் பிள்ளை. நானோ, "கும்பகோணம் டிகிரி காபி என்று போட்டால் போயிற்று!" என்றேன். பித்தளை டபரா படம் போட்டு ஆயிரம் லேபிலும் அச்சடித்து விட்டேன்.

பிறகுதான் தெருக்கோடி வக்கீலிடம் போனேன். அவர் லேபிலைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "அம்மா, நெடுஞ்சாலையில் போனால் மைலுக்கு ஒரு பலகையில் இந்தப் பெயரும் இந்த டபராவும் இருக்கின்றன. ஊர்ப் பெயரையும் சரக்கின் தரத்தையும் மட்டும் சொல்லும் வார்த்தையை ஒருவருக்கே சொந்தமாக்க 1999-ஆம் வருஷத்து வியாபாரக் குறிச் சட்டம் இடம் கொடுக்காது. பஸ் ஸ்டாண்டை உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொன்னால் தருவார்களா?" என்றார்.

லேபில் வீணாயிற்று. ஆனாலும் பொடி விற்றது. வெறும் காகிதப் பையில், காபி 80, சிக்கரி 20 என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். காபியும் சிக்கரியும் கலந்து விற்றால் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் அளவையும் பையில் காட்ட வேண்டும். இது சட்டம்.

இனி நான் சொல்லப்போவது வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன்.

2024-ல் பிரேஸில் தேசத்தில் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபியின் விலை பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டிற்று. எங்கேயோ வாடிய செடி மேற்கு மாம்பலத்தில் என் கல்லாப் பெட்டியைக் காய வைத்தது! போதாததற்கு, ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டால் 850 கிராம்கூடத் தேறுவது அபூர்வம். சிக்கரியோ வேரை உலர்த்தி வறுத்த சரக்கு. விலை எத்தனையோ மலிவு. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் தாராளமாகக் கொடுக்கும். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று என் மனம் கேட்டது. 20 பங்கை 35 ஆக்கினேன். பையில் இருந்த எழுத்தை மாற்றவில்லை.

நாலாம் நாள் எதிர்வீட்டு மாமி டம்ளரும் கையுமாக வந்து நின்றார். எழுபத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது, காதும் சுமார்தான்.

"ஏண்டி, ஊரிலே இல்லையோ நீ?"

"இங்கேதான் இருக்கேன், மாமி. ஏன்?"

"நீ இருந்து வறுத்த பொடியா இது? டிகாக்ஷன் சொட்டுச் சொட்டா இறங்கறது. நிறம் மையாட்டம் இருக்கு. வாசனையைத்தான் காணோம். யாரோ உன் பேரைச் சொல்லி என் தலையிலே கட்டிட்டான்னு நினைச்சேன். கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாமி என்னைச் சந்தேகிக்கவில்லை, சகோதரிகளே! அதுதான் என்னைக் கொன்றது. ஏமாற்றியது வேறு யாரோ என்றே நினைத்தார். பெயர் இல்லாத காகிதப் பைக்கு என்ன பெயர் வைப்பது என்று ஐந்து வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டேனே, அதற்குள் பெயர் தானாகவே ஏற்பட்டிருந்தது. மாமியின் நாக்கில் அது பதிந்திருந்தது. அதைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னேன். மாமி டம்ளரைக் கீழே வைத்தார். "விலையை ஏத்தறேன்னு சொல்லியிருந்தா ரெண்டு வேளையை ஒரு வேளையாக்கிண்டிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு என் பிள்ளை ஒரு அம்மாளின் கதையைச் சொன்னான். எர்னா நுட்சன் என்று பெயர். ஸான்பிரான்ஸிஸ்கோவில் காபி இறக்குமதிக் கம்பெனியில் காரியதரிசி வேலை. காபியை ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் அறைக்குள் பெண்பிள்ளை வரக் கூடாது என்று ஆண்கள் தடுத்தார்களாம். அந்த அம்மாள் விடாமல் ருசி பழகினார். எந்த மலை, எந்தச் சீதோஷ்ணம் என்று இடமறிந்து பொறுக்கிய சிறு சிறு மூட்டைகளைச் சிறிய வறுவல்காரர்களுக்கு விற்றார். 1974-ல் ஒரு வியாபாரப் பத்திரிகையில் அதற்கு 'ஸ்பெஷாலிட்டி காபி' என்று பெயரும் சொன்னார். இன்று உலகமெங்கும் அந்தப் பெயர்தான். ருசி பார்ப்பவர்கள் 100-க்கு 80 மார்க்காவது போட்டால்தான் அந்தக் கௌரவம் என்பது வெகுநாள் வழக்கம்.

"அவர்கள் பையில் என்ன எழுதுவார்கள்?" என்று கேட்டேன்.

"எந்தத் தோட்டம், எவ்வளவு உயரம், என்றைக்கு வறுத்தது, எல்லாம் எழுதுவார்கள் அம்மா. மறைக்க ஒன்றும் இல்லை என்பதுதான் அவர்கள் விளம்பரம்."

மறுநாள் அந்தச் சரக்கு வாங்கிய ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறினேன். விஷயத்தைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய கலவைக்குப் புதிய விலையையும் சொன்னேன். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. அது நியாயந்தான்.

இப்போது என் பையைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வீர்கள். டபரா இல்லை, ஆவி பறக்கும் கோப்பை இல்லை. கம்பி போட்ட ஒரு ஜன்னல் படம். மேலே 'எதிர்வீட்டுக் காபி' என்று பெயர். அதன் கீழே, தள்ளி நின்றாலும் தெரியும்படி, காபி 80, சிக்கரி 20. பக்கத்தில் வறுத்த தேதி. பெயரைக் கேட்டதும் வக்கீல் முதல் தடவையாகச் சிரித்தார். "இது யாரும் வைக்காத பெயர், தாராளமாக விண்ணப்பிக்கலாம்" என்றார். பதிவானால் பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால், என்னைக் காவல் காப்பது அந்தப் பத்திரம் அல்ல, ஜன்னல்தான். ஒவ்வொரு வறுவலிலும் முதல் டம்ளர் அந்த ஜன்னலுக்குப் போகிறது. மாமி தலையை ஆட்டினால்தான் பையில் கட்டுவேன்.

முதல் பையைக் கொண்டுபோய் மாமியின் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார்.

"என் வீட்டை வச்சுப் பணம் பண்றியா? வாடகை எங்கேடி?"

"தினம் ரெண்டு வேளை காபி, மாமி."

"மூணு" என்றார் மாமி.

நாளைக் காலை டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் காபிப் பையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், சகோதரிகளே. காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று அதில் இருக்கும். எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தால், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாவது அவசியம் படியுங்கள்!