துரையின் குதிரை

60 வயதில், பணி ஓய்வு பெற்ற மறுமாதம், குதிரையேற்றம் பழகப் போகிறேன் என்றேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தாள்.

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் தாத்தா பால்மரம் வெட்டியவர். துரை குதிரையில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கவேண்டும் என்பார். என் காலத்தில் துரையும் இல்லை, குதிரையும் இல்லை, செம்பனையும் லாரியும்தான். 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தயச் சங்கத்தின் ஓட்டங்கள்கூட 2025இல் நின்றுவிட்டன.

இரண்டாவது பாலத்தைக் கடந்து தீவுக்குப் போனேன். முதல் பாடமே, இடப்பக்கமாக ஏறவேண்டும் என்பதுதான். வாளை இடப்பக்கம் தொங்கவிட்ட காலத்து வழக்கமாம். குதிகால் கீழே, பார்வை முன்னால். நானோ குதிரையின் காதையே பார்த்துக்கொண்டு, பயத்தில் காலை இறுக்கினேன். விரட்டுகிறேன் என்று நினைத்து அது வேகமெடுத்தது.

“அங்கிள், மூச்ச விடுங்க! நீங்க பயந்தா அதுக்குத் தெரியும்,” என்றார் பயிற்சி தரும் பெண். என் மகள் வயது இருக்கும். மூச்சை விட்டேன். காலும் தளர்ந்தது, நடையும் தளர்ந்தது. 35 ஆண்டு தொழிற்சாலையில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு வயது 83. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“துரை குதிரை இதவிட உசரம்டா,” என்றார்.

மாடிப்படி இறங்கும்போது தொடை இன்னும் வலிக்கிறது. சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது.