மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

சென்னை சென்ட்ரலை ஒட்டிப் புறநகர் ரயில்கள் கிளம்பும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம் இங்கேதான் நின்றது. பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை, கூண்டுப் பறவை எல்லாம் ஒரே கூரையின்கீழ் விலை பேசப்பட்டன. கையில் காசு குறைந்த மாணவனும் அங்கே பேரம் பேசிப் பாடநூல் வாங்க முடிந்தது. 1985 மே 30 அன்று தீ அதை அழித்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டி வண்டியில் வெண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறினேன். பேசின் பிரிட்ஜ் தாண்டி, கொருக்குப்பேட்டையில் கூடைகள் ஏறின. அலுமினிய அன்னக்கூடையில் மீன், மேலே ஐஸ், அதன்மேல் ஈரக்கோணி. ஒரு அம்மா சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எங்கம்மா கடை போடுவீங்க?"

"பொன்னேரியில ரோட்டோரந்தான் கண்ணு. மழை வந்தா அன்னிக்கு யாவாரம் இல்ல."

திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர். விம்கோ என்ற தீப்பெட்டி ஆலையின் பெயரையே நிலையத்துக்கு வைத்த தொழில் பூமி இது. கொசஸ்தலையாற்றைக் கடக்கும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அத்திப்பட்டு, மீஞ்சூர் போனால் வயலும் செங்கல் வீடுகளும் மாறி மாறி வருகின்றன. பொன்னேரியில் அந்த அம்மா கூடையோடு இறங்கினார். பழவேற்காட்டு இறாலும் நண்டும் சேரும் ஊர் அது. ஆரணியாறு, கவரப்பேட்டை கடந்தால் கும்மிடிப்பூண்டி.

இங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் இளைஞர்களும், முகாமில் பல்லாண்டாக வாழும் ஈழத் தமிழரும், சுற்றுக் கிராமத்தாரும் ஒரே தெருவில்தான் காய்கறி வாங்குகிறார்கள். வெங்காயத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார் ஒரு வியாபாரி. ஒரு பக்கம் கம்பம், மறுபக்கம் குடைக்கம்பி. காற்றடிக்கும்போதெல்லாம் எழுந்து போய் முடிச்சை இறுக்கினார்.

இப்படி முடிச்சை இறுக்கத் தேவையில்லாத தெருவும் உண்டு. ஜப்பானின் ஒசாகாவில் தென்ஜின்பாஷிசுஜி என்ற கடைத்தெரு ஏறக்குறைய 2.6 கிலோமீட்டர் நீளம். தலைக்குமேல் கூரை, கீழே வண்டித் தொல்லை இல்லாத நடைபாதை. சின்னக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் மழையிலும் ஓடுகின்றன.

நம்மால் முடியாத காரியமா அது? 1900இலேயே சென்னை செய்து காட்டியதுதானே! இந்தத் தடத்தின் ஒரு முனையில் இருந்த கூரையை இழந்தோம். மறுமுனையில் ஆலைக்கும் கிடங்குக்கும் கூரை எழுப்பத் தெரிந்த ஊர், மீன்காரிக்கும் காய்காரருக்கும் ஒன்று எழுப்பலாம். நிலையத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உள்ள நீளமான கடைத்தெரு போதும். மழை நாளிலும் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.