பத்தலை

குழந்தை பிறந்த நான்காம் நாளிலிருந்து என் காதில் அதிகம் விழுந்த சொல் 'பத்தலை'. "பால் பத்தலை போல, அதான் அழுவுது" என்றார் பார்க்க வந்த பெரியம்மா. பக்கத்து வீட்டு அக்கா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்தார். மாமியார் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தார். அதை விரும்பித்தான் சாப்பிட்டேன். புட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கலாம், எறும்பு கடித்திருக்கலாம், சும்மாவே அழுதிருக்கலாம். விசாரணை மட்டும் எப்போதும் என் மார்பிலிருந்துதான் தொடங்கும். என் கணவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அம்மா இந்தப் பேச்சில் சேரவே இல்லை. மூன்று பிள்ளைகளையும் நடவுக்குப் போய்க்கொண்டே வளர்த்தவர். வரப்போரத்துப் புங்கமரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டிருப்பாராம். ஒருநாள் இரவு எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே சொன்னார்: "பால் இல்லாம இல்லடி. நீ அழற சத்தம் கேட்டாலே சேலை நனைஞ்சிடும். மொதல்ல இந்த வயல முடி, அப்புறம் கரையேறுன்னுவான். கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லு மாதிரி ஆயிடும். சேத்துலயே பீச்சி விட்டுட்டு நாத்த நடுவோம்."

எனக்குச் சேறு இல்லை, வாஷ்பேசின் இருந்தது. தொகுப்பூதியத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் போன்றவர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது என்றது நிர்வாகம். மகளுக்கு 70 நாள் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். இரண்டாவது பீரியட் முடியும்போதே மார்பு கனக்கும். கழிவறைக் கதவைத் தாழிட்டுப் பீய்ச்சிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது பீரியடுக்கு ஓடுவேன். அப்படிக் கொஞ்ச நாள் போனால் சுரப்பு குறையத்தானே செய்யும்? குடிக்கக் குடிக்கத்தான் ஊறும் என்பது எந்தக் கிழவிக்கும் தெரியும்.

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு என்று ஆனது. வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் விடுப்பு எடுத்துவிட்டவளுக்குக் கையில் மிஞ்சுவது 18 வாரம். கணக்கு அங்கேயே உதைக்கிறது. நடவு நடுகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் இந்தக் கணக்கே கிடையாது.

2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். எங்கள் ஊர் அறையில் நான் போன இரண்டு தடவையும் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

நான்காம் மாதம் பால்மாவு டப்பா வாங்கினோம். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும், குழந்தைப் படமோ தாயின் படமோ போடக்கூடாது என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். கம்பெனிகளின் ஆசைகாட்டலை அடக்க வந்த சட்டம், வேண்டியதும்கூட. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வரியைப் படிப்பவர் கம்பெனி முதலாளி இல்லை. அப்படியொரு வரியை எந்தக் கல்லூரியின் வாசலிலும், எந்த வயலின் வரப்பிலும் எழுதி வைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை.

"என்னடி போட்டிருக்கு அதுல?" என்று கேட்டார் அம்மா. படித்துக் காட்டினேன். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். எத்தன கரண்டி போடணும்னு பாரு, புள்ள அழுவுது."