விரதமும் சிறுநீரகமும்

ஏகாதசியன்று துளி நீரும் பருகாமல் உபவாசம் இருப்பதும், பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவதும் என் தாயாரின் நெடுநாள் வழக்கம். அவருக்கு வயது 68, நீரிழிவும் உண்டு. அண்மையில் அவருக்கும் 30 வயதான என் மகனுக்கும் செய்த இரத்தப் பரிசோதனையில், கிரியேட்டினின் அளவு இருவருக்குமே 1.2 என்று வந்தது.

எண் ஒன்றே, பொருள் வேறு. கிரியேட்டினின் தசைகளில் உண்டாகும் கழிவு. தசை மெலிந்த முதியவருக்கு அது குறைவாகவே இருக்க வேண்டும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்னும் வடிகட்டும் திறன் மகனுக்கு 83, தாயாருக்கோ 49. இது 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தோன்றாது. ஆகவே, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொன்ன மருத்துவர், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் வரச் சொன்னார்.

நீரற்ற உபவாசமும், கிரிவலத்துக்குமுன் விழுங்கும் மூட்டுவலி மாத்திரையும் கூடாது என்றார். நீர் வற்றிய உடலில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுமாம். ஊறுகாய், அப்பளத்தையும் குறைக்கச் சொன்னார்.

"விரதம் பங்கமாகாதா?" என்று தாயார் கலங்கினார். நீர், கனி, பால், மருந்து முதலியன விரதத்தைக் குலைப்பதில்லை என்பது சாஸ்திரம் என எங்கள் கோயில் அர்ச்சகர் எடுத்துரைத்த பின்னரே தேறினார்.

நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ள அன்பர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். விரத நியமத்தையும் நீரின் அளவையும் மருத்துவரைக் கேட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.